ஏழு லட்ச ரூபாய் வரம்பு: திருவனந்தபுரத்தில் கார் வைத்திருப்பதன் செலவும் விதியும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும்போது பாறசாலை தாண்டியதும் களியக்காவிளை. எல்லையைக் கடந்தவுடன் வரும் தமிழ்நாட்டுப் பெட்ரோல் பங்குகளில் கேஎல்-19, கேஎல்-20 எண் கொண்ட வண்டிகள் வரிசையில் நிற்பது அங்குள்ளவர்களுக்குப் பழகிய காட்சி. லிட்டருக்கு ஏறத்தாழ ஐந்து ரூபாய் மிச்சமாகிறது. கேரளத்தில் பெட்ரோல் மீது விற்பனை வரி 30.08 சதவீதம். அதன்மேல் லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடுதல் வரி, ஒரு சதவீத செஸ். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சமூகப் பாதுகாப்பு செஸ் என்று இன்னும் இரண்டு ரூபாய். தமிழ்நாட்டில் 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும்தான்.

அந்த இரண்டு ரூபாய் செஸ் எதற்கு என்று அப்போது நிதியமைச்சராக இருந்த கே.என். பாலகோபால் பட்ஜெட் உரையிலேயே சொல்லிவிட்டார்: மாதந்தோறும் கொடுக்கும் சமூக நல ஓய்வூதியங்களுக்கு. அந்த ஓய்வூதியங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கானதும் ஒன்று. அதற்காகவே செஸ்ஸை நான் குறை சொல்ல மாட்டேன். ஓய்வூதியம் கொடுக்கும் அரசுக்குப் பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஆனால் கால் வராத ஒருவர் தன் காரில் பெட்ரோல் போடும்போதும் அதே இரண்டு ரூபாயைக் கட்டுகிறார். கார் வைத்திருப்பவர் வசதியுள்ளவர், மாற்றுத்திறனாளி உதவி பெறுபவர் என்று வரிச் சட்டம் இருவரையும் தனித்தனிப் பெட்டியில் போட்டிருக்கிறது. இரண்டு பெட்டியிலும் ஒரே ஆள் இருந்தால் என்ன ஆகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது. அதற்கு முன் எல்லோருக்கும் பொதுவான கணக்கைப் பார்த்துவிடலாம்.

கேரளத்தில் தனியார் காருக்குச் சாலை வரியைப் பதினைந்து ஆண்டுக்கும் சேர்த்துப் பதிவின்போதே கட்ட வேண்டும். 1976-ஆம் ஆண்டு மோட்டார் வாகன வரிச் சட்டத்தின்படி விலை ஏற ஏற விகிதமும் ஏறும். 2023 பட்ஜெட்டுக்குப் பிறகு ஐந்து லட்சம் வரை 10 சதவீதம், ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13, பதினைந்து லட்சம் வரை 15, இருபது லட்சம் வரை 17, அதற்கு மேல் 22. இந்த விலை ஜிஎஸ்டியும் சேர்ந்தது என்பதை ஷோரூமில் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வரியின் மேலும் வரி விழுகிறது. எட்டு லட்ச ரூபாய் பில் போட்ட ஒரு சிறு காருக்கு 1,04,000 ரூபாய் சாலை வரி.

‘கேரளத்தில் வரி அதிகம், நாகர்கோவிலில் வண்டி எடு’ என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னும் சொல்வார்கள். அந்தப் பேச்சு காலாவதியாகிவிட்டது. 2023 நவம்பரில் தமிழ்நாடும் வாழ்நாள் வரியை உயர்த்தியது: ஐந்து லட்சம் வரை 12, பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். விகிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், பன்னிரண்டு லட்ச ரூபாய்க் காருக்கு மார்த்தாண்டத்தைவிட நெய்யாற்றின்கரையில் குறைவு. டெக்னோபார்க்கில் வேலை கிடைத்து டிஎன்-74, டிஎன்-75 வண்டியோடு வந்து குடியேறுபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். பழைய ஆர்டிஓ ஆபீசில் தடையில்லாச் சான்று, அங்கே மிச்ச ஆண்டுகளின் வரியைத் திருப்பிக் கேட்டு மனு, இங்கே மிச்ச ஆண்டுகளுக்கு வரி. கட்டுவது உடனே, திரும்பி வருவது எப்போதோ. இந்த அலைச்சலைத் தவிர்க்க 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த பிஎச் வரிசைப் பதிவில் இரண்டிரண்டு ஆண்டுகளாக வரி கட்டலாம். ஆனால் அது அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருக்கும் தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் மட்டும். வருவாய் இழப்பைக் காட்டிக் கேரளம் அதற்கு ஆரம்பத்திலிருந்தே தயங்கியது.

இன்சூரன்ஸில் தவிர்க்க முடியாத பகுதி மூன்றாம் தரப்புக் காப்பீடு. 2018 செப்டம்பர் முதல், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்து எடுத்தாக வேண்டும். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 1000 சிசி வரை 6,521 ரூபாய், 1500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596. இதோடு 18 சதவீத ஜிஎஸ்டி. அந்த மூன்று ஆண்டுக்குப் பிறகு பாலிசி புதுப்பிக்காமல் ஓட்டலாம் என்ற எண்ணம் இப்போது பலிக்காது. 2023 ஜூன் 5-ஆம் தேதி அபராதம் விதிக்கத் தொடங்கிய ‘சேஃப் கேரளா’ திட்டத்தின் 726 கேமராக்கள் மாநிலமெங்கும் கண் வைத்திருக்கின்றன.

பெட்ரோலும் வரியும் கண்ணுக்குத் தெரிந்து போகும் பணம். தெரியாமல் போவது வண்டியின் மதிப்பு. காப்பீட்டுக் கணக்கில் ஆறு மாதத்துக்குள் ஐந்து சதவீதம் கழியும். முதல் ஆண்டு முடிவதற்குள் பதினைந்து. ஐந்தாம் ஆண்டில் பாதி. அதாவது எட்டு லட்ச ரூபாய்க் கார் ஐந்து ஆண்டில் நான்கு லட்சமாகிறது, ஆண்டுக்கு எண்பதாயிரம். வருடம் பத்தாயிரம் கிலோமீட்டர், லிட்டருக்குப் பதினைந்து, பெட்ரோல் 107 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எரிபொருளுக்கு 71,000 சொச்சம். சாலை வரியைப் பதினைந்து ஆண்டுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இன்சூரன்ஸும் சர்வீஸும் டயரும் கடன் வட்டியும் சேராமலே மாதம் பதிமூன்றாயிரம். பதினைந்து வயதான வண்டியைப் புதுப்பித்து ஓட்டலாம் என்றால், 2025 பட்ஜெட்டில் கேரளம் அந்த வண்டிகளின் வரியையும் ஐம்பது சதவீதம் கூட்டிவிட்டது.

பஸ்ஸில் ஏறக்கூடியவர் இந்தக் கணக்கைப் பார்த்துக் காரே வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். நல்ல முடிவும்கூட. சாலையில் இடம் இல்லாத நகரத்தில் கார்மீது வரி போடுவது தவறில்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் அந்த நியாயம் முழுக்க ஒரு அனுமானத்தில் நிற்கிறது: கார் இல்லாவிட்டால் போக வேறு வழி இருக்கிறது என்ற அனுமானம்.

திருவனந்தபுரம் குன்றுகளின் மேல் பரந்த ஊர். வட்டியூர்க்காவு, பேரூர்க்கடை, ஸ்ரீகாரியம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏற்றமும் இறக்கமும் வளைவும்தான். நடைபாதை இருக்கும் இடத்தில் அது கடைக்குக் கடை உயரம் மாறும். ஆண்டில் இரண்டு பருவமழை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போவதும், பஸ்ஸின் படிகளை ஏறுவதும் இங்கே நினைத்துப் பார்க்கவே முடியாதவை. அதனால் நம் ஊர்களைப் போலவே இங்கும் மாற்றுத்திறனாளியின் முதல் வண்டி பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாகப் பொருத்திய ஸ்கூட்டர்தான். பூஜப்புரையில் இருக்கும் மாநில மாற்றுத்திறனாளிகள் நலக் கழகம் வழியாக அது பலருக்குக் கிடைத்திருக்கிறது. ஸ்கூட்டர் பெரிய விடுதலை, சந்தேகமில்லை. ஆனால் ஜூன் மழையில் அதில் அலுவலகம் போக முடியாது. சக்கர நாற்காலியை அதில் ஏற்ற முடியாது. குழந்தையையும் வயதான அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக முடியாது. முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கு உட்காரும் சமநிலையே அதில் போதாது. இந்தியாவில் இயற்கை வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். அதனால் போலியோவால் கால் இழந்த தலைமுறை நடுவயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்குத் தோள்பட்டை தேயும் வயது இது. இன்னொரு பக்கம், சாலை விபத்திலும் மரத்திலிருந்தும் கட்டடத்திலிருந்தும் விழுந்தும் முதுகுத்தண்டு முறிந்த இளைஞர்கள் புதிதாக வந்துகொண்டிருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் கார் வேண்டும்.

எப்படிப்பட்ட கார் என்பது எந்த அவயவம் என்பதைப் பொறுத்தது. இடது கால் மட்டும் வராதவருக்கு வேலை சுலபம்: கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் கம்பெனியிலிருந்து வருவதே போதும். வலது கால் வராதவருக்கு ஆக்ஸிலரேட்டரை பிரேக்கின் இடப்பக்கத்துக்கு மாற்றி வைக்க வேண்டும். இரண்டு காலும் வராதவருக்கு ஸ்டியரிங்கின் அடியில் ஒரு கைப்பிடி. அதை ஒரு திசையில் அசைத்தால் பிரேக், இன்னொரு திசையில் அசைத்தால் ஆக்ஸிலரேட்டர். இரண்டும் இரும்புத் தண்டுகளால் கீழே உள்ள பெடலோடு இணைந்திருக்கும். பெடலைக் கழற்றுவதில்லை, வீட்டில் மற்றவர்களும் அதே காரைக் காலால் ஓட்டலாம். ஒரு கை கைப்பிடியிலேயே இருப்பதால், மற்றக் கையால் ஸ்டியரிங்கை முழுச்சுற்றும் திருப்ப அதன் வளையத்தில் ஒரு குமிழ் வைப்பார்கள். பார்க்க எளிய ஏற்பாடு. ஆனால் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் கண்டால் உயிர் போகும்.

கேரளத்தில் இந்தக் கைவேலையில் பெயர் பெற்ற ஆள் கோட்டயம் மாவட்டம் எருமேலிக்கு அருகே முக்கூட்டுதறையைச் சேர்ந்த பிஜு வர்கீஸ். விபத்தில் இடுப்புக்குக் கீழ் இயக்கம் போனவர். தனக்காகச் செய்த கைக்கட்டுப்பாட்டை மற்றவர்களுக்கும் செய்துகொடுக்கத் தொடங்கி, புனேயில் உள்ள வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏஆர்ஏஐயின் ஒப்புதலையும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் அங்கீகாரத்தையும் பெற்றார். ஏஆர்ஏஐ ஒப்புதல் அலங்காரத்துக்கு அல்ல. ஒப்புதல் இல்லாத கருவியைப் பொருத்திய காரை மோட்டார் வாகன ஆய்வாளர் ஆர்சியில் ஏற்ற மாட்டார். ஆர்சியில் ஏறாத மாற்றம் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு காரணமாகிவிடும்.

சட்டம் இந்தக் காரை ஏற்றுக்கொள்ள முப்பது ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளியின் வாகனத்தை வரையறுத்தபோது அது அவருக்கென்றே வடிவமைத்துக் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும், வெறுமனே மாற்றியமைத்ததாக இருக்கக் கூடாது என்றது. இந்தியாவில் எந்தக் கார் கம்பெனி மாற்றுத்திறனாளிக்கென்று கார் கட்டியது? நடைமுறையில் இருந்த ஒவ்வொரு வண்டியும் ஷோரூமில் வாங்கிப் பட்டறையில் மாற்றியதுதான். அதாவது உண்மையில் ஓடிய கார்களையெல்லாம் வரையறை வெளியே நிறுத்தியிருந்தது. 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது 52-ஆம் பிரிவின்படி அனுமதியோடு மாற்றியமைத்த வண்டியும் அதே வகையில் வந்தது. அந்த வண்டிக்கான லைசென்ஸும் அதே பெயரில் மாறியது. 2020 அக்டோபரில் பதிவுக்கான 20-ஆம் படிவத்தில் உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்றும், ஜிஎஸ்டி சலுகையில் வாங்கினாரா இல்லையா என்றும் குறிக்க இடம் வந்தது. அதற்கு முன் ஆர்சியைப் பார்த்தால் உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்றே தெரியாது. சலுகை கேட்கும் இடத்தில் எல்லாம் காகிதக் கட்டோடு நிற்க வேண்டியிருந்தது.

2023-இல் வந்த இன்னொரு விதி சிறியது, ஆனால் மிகவும் தேவைப்பட்டது. புதுக் காரைப் பதிவு செய்யாமல் ஷோரூமிலிருந்து எடுக்க முடியாது. பதிவு செய்துவிட்டால் அது சாதாரணக் கார். பிறகு அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய் மாற்றி, மறுபடி ஆர்டிஓவுக்கு வந்து, ஆர்சியைத் திருத்த வேண்டியிருந்தது. இப்போது மாற்றியமைப்பதற்காகவே தற்காலிகப் பதிவு பெறலாம்; மாற்றிய பிறகு ஒரே தடவையில் உரிய வகையில் நிரந்தரப் பதிவு. ஷோரூம் ஊழியர்களுக்கே இந்த விதி தெரிந்திருப்பதில்லை என்பதால், வாங்கப் போகிறவர் தானே கேட்க வேண்டியிருக்கிறது.

லைசென்ஸ் பக்கம் விதியைவிட மனம்தான் தடை. தொடுபுழை அருகேயிருந்து வந்த ஜிலுமோள் மரியட் தாமஸ் இரண்டு கையும் இல்லாமல் பிறந்தவர். கார் லைசென்ஸ் கேட்டுப் போனபோது மறுக்கப்பட்டார். மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் விக்ரம் அக்னிஹோத்ரி 2016-லேயே காலால் ஓட்டி லைசென்ஸ் வாங்கியிருந்தும், கேரளத்தில் அது முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. உயர் நீதிமன்றம், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையம் என்று பல ஆண்டுகள் போராடிய பிறகு, எர்ணாகுளத்தில் ஒரு நிறுவனம் மாருதி செலெரியோ ஒன்றை அவருக்காக மாற்றிக் கொடுத்தது. வைப்பரும் விளக்கும் அவர் குரலுக்குக் கட்டுப்படும். 2023 டிசம்பரில் பாலக்காட்டில் அப்போதைய முதலமைச்சர் பினராயி விஜயன் கையால் லைசென்ஸ் பெற்றார். ஆசியாவிலேயே இப்படி லைசென்ஸ் பெற்ற முதல் பெண் என்று பத்திரிகைகள் எழுதின. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் முதல்வர் கையால் கொடுக்கும் அளவுக்கு லைசென்ஸ் ஓர் அபூர்வப் பொருளாக இருந்திருக்கக் கூடாது. அடுத்து வருபவருக்கு ஆர்டிஓ ஆபீஸ் கவுண்டரில் அது சாதாரணமாகக் கிடைத்தால்தான் அந்தப் போராட்டம் பலித்ததாகும்.

ஜிலுமோளின் வழக்கில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மற்றவர்கள் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பழகி, அதே வண்டியில் முட்டத்தறை மைதானத்தில் டெஸ்ட் கொடுத்து, லைசென்ஸ் கையில் வந்த பிறகு கார் வாங்குவதா என்று யோசிக்கலாம். மாற்றியமைத்த காரில் டெஸ்ட் கொடுக்க வேண்டியவர் அந்தக் காரை முதலில் வாங்கி, மாற்றி, கொண்டுவர வேண்டும். ஏழெட்டு லட்சத்தை முதலில் போட்டுவிட்டுப் பிறகுதான் தன்னால் ஓட்ட முடியுமா, அதிகாரி சம்மதிப்பாரா என்று தெரிந்துகொள்கிறார். கையால் இயக்கும் கருவி பொருத்திய ஒரு பயிற்சிக் கார் ஊருக்கு ஒன்றிருந்தால் இந்தப் பயம் பாதியாகும். 2024 ஜூனில் கேஎஸ்ஆர்டிசி திருவனந்தபுரத்தில் தன் சொந்த டிரைவிங் ஸ்கூலைத் தொடங்கியது. தனியார் ஸ்கூல்களுக்கு லாபமில்லாத இந்த வேலையைச் செய்ய அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

அதே 2024-இல் போக்குவரத்துத் துறை டெஸ்ட் முறையை மாற்றிச் சுற்றறிக்கை விட்டது. கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டிகளையும் மின்வண்டிகளையும் டெஸ்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. டிரைவிங் ஸ்கூல்காரர்களின் வேலைநிறுத்தம்தான் அப்போது செய்தியானது. இடது கால் வராமல் ஆட்டோமேட்டிக்கையே நம்பியிருப்பவரின் நிலை அந்தச் சத்தத்தில் காணாமல் போனது. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. காது கேளாதவர்கள் விஷயத்திலும் நீதிமன்றம்தான் வழி திறந்தது: 2011 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2016-இல் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குத் தெளிவுபடுத்திக் கடிதம் எழுதியது. ஆக்குளத்தில் நிஷ் என்ற தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கும் ஊரில் இது பலருக்கு வாழ்க்கைப் பிரச்சினை.

இனி சலுகைகளின் கணக்கு. ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து, 40 சதவீதத்துக்குக் குறையாத எலும்பு-மூட்டு ஊனம் உள்ளவர் கனரகத் தொழில் அமைச்சகத்தின் சான்றிதழோடு வாங்கும் சிறு காருக்கு 18 சதவீத வரிதான் இருந்தது, செஸ் இல்லை. நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசி. ஐந்து ஆண்டுக்கு விற்கக் கூடாது. அதே பெட்ரோல் காருக்கு மற்றவர்கள் 28 சதவீதமும் ஒரு சதவீத செஸ்ஸும் கட்டினார்கள். ஐந்து லட்ச ரூபாய் அடிப்படை விலையுள்ள காரில் 55,000 ரூபாய் வித்தியாசம். அது ஆட்டோமேட்டிக் கியருக்கான கூடுதல் விலைக்குச் சரியாகப் போனது.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சிறு கார்களின் வரி எல்லோருக்கும் 18 சதவீதமாகக் குறைந்தது. நாடே மகிழ்ந்த அந்த நாளில் மாற்றுத்திறனாளிக்கு இருந்த 55,000 ரூபாய் வித்தியாசம் பூஜ்யமானது. அவருடைய கார் விலை ஏறவில்லை, அது உண்மை. ஆனால் அந்த வித்தியாசம் எதை ஈடுகட்டியதோ அந்தச் செலவு அப்படியே இருக்கிறது. ஆட்டோமேட்டிக்குக்கு ஐம்பதாயிரம் கூடுதல் கொடுக்கிறார். அந்த ஐம்பதாயிரத்துக்கும் சாலை வரி கணக்கிடப்படுகிறது. ஊனத்தால் வரும் கூடுதல் விலைக்கே வரி போடுவது, எந்தக் கொள்கைப்படி பார்த்தாலும் நியாயப்படுத்த முடியாதது. சக்கர நாற்காலிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். காரில் பொருத்தும் கைக்கட்டுப்பாட்டுக் கருவிக்கும், 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் முடிவுப்படி, 5 சதவீதம். நாற்காலியும் கருவியும் உதவி சாதனங்கள் என்று ஒத்துக்கொண்டவர்கள், அந்தக் கருவி பொருத்தப்படும் காரையும் அதே 5 சதவீதத்தில் சேர்த்திருக்க வேண்டும்.

மத்திய அரசு விலகிக்கொண்ட இடத்தில் எஞ்சி நிற்பது கேரளத்தின் சாலை வரி விலக்கு. உடல் ஊனமுற்றவர்களோடு நிற்காமல் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்காக வாங்கும் வண்டிகளுக்கும் கேரளம் இதை விரித்தது. தானே ஓட்ட முடியாதவருக்கும் கார் தேவை என்பதை ஏற்றுக்கொண்ட அந்த முடிவு பாராட்டுக்குரியது. ஆனால் வரம்பு ஏழு லட்ச ரூபாய். 13 சதவீதக் கணக்கில் அதிகபட்சமாக 91,000 ரூபாய் மிச்சம். வரம்பை நிர்ணயித்தபோது சிறு கார் அந்த விலைக்கு எளிதாகக் கிடைத்தது. இன்று அதற்குள் வரும் ஆட்டோமேட்டிக் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவை எல்லாமே சிறிய உடம்புக் கார்கள். பின்னால் சக்கர நாற்காலி மடக்கி வைக்கவும், கதவு அகலத் திறக்கவும், இருக்கை சரியான உயரத்தில் இருக்கவும் வேண்டியவருக்குத் தேர்வே கிடையாது.

மின்காரை எடுத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, ஆக்ஸிலரேட்டரை விட்டாலே வேகம் குறையும். கையால் ஓட்டுபவருக்கு இதைவிட ஏற்ற இயந்திரம் வேறில்லை. வீட்டிலேயே சார்ஜ் போடலாம் என்பதால் பங்கில் யாரையும் எதிர்பார்த்து நிற்கவும் வேண்டாம். கேரளம் மின்கார்களுக்குப் பதினைந்து லட்சம் வரை 5 சதவீதமே வரி விதிக்கிறது. ஆனால் சந்தையில் உள்ள மின்கார்கள் பெரும்பாலும் ஏழு லட்சத்தைத் தாண்டியவை. ஒரே அரசின் இரண்டு நல்ல கொள்கைகள் ஒன்றையொன்று சந்திக்காமல் போகின்றன.

யாரும் சொல்லாமல் விட்டுவிடும் இரண்டு சலுகைகளையும் குறித்துவிடுகிறேன். மாற்றியமைத்தது ஆர்சியில் ஏறியிருந்தால், சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டுப் பிரீமியத்தில் பாதியைக் குறைக்க மோட்டார் காப்பீட்டு விதிகளில் இடம் உண்டு. ஏஜெண்ட் தானாகச் சொல்ல மாட்டார், கேட்க வேண்டும். மாற்றுத்திறனாளியான சம்பளக்காரர்களுக்குப் போக்குவரத்துப் படியில் வருமான வரி விலக்கு உண்டு.

சுங்கச்சாவடி விதி பழைய சட்டத்தின் மனநிலையிலேயே இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் ஊனமுற்றவருக்கென்று வடிவமைத்துக் கட்டிய வாகனத்துக்குக் கட்டண விலக்கு தருகின்றன. மாற்றியமைத்த கார்கள் இன்று விலக்குப் பெற்ற ஃபாஸ்டேக் வாங்குகின்றன. ஆனால் இடது கால் வராமல், மாற்றம் எதுவும் தேவைப்படாத ஆட்டோமேட்டிக்கை ஓட்டுபவர்? கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை போகும் பைபாஸில் திருவல்லம் சாவடியில் அவர் மற்றவர்களைப் போலக் கட்டுகிறார். ஊனம் ஒன்றே; காரின் அடியில் ஒரு தண்டு இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம்.

கார் வாங்கியாயிற்று, லைசென்ஸ் வந்தாயிற்று. எங்கே நிறுத்துவது? சக்கர நாற்காலிக்காரர் காரிலிருந்து இறங்குவதைக் கிட்டத்தில் பார்த்தவருக்குத் தெரியும். கதவை முழுக்கத் திறக்கிறார். பக்கத்து இருக்கையில் கிடக்கும் நாற்காலியின் சட்டத்தைத் தன் நெஞ்சுக்கு மேலாகத் தூக்கி வெளியே வைக்கிறார். பிறகு சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டுகிறார். மெத்தையைப் போட்டு, ஒரு கையை நாற்காலியிலும் ஒரு கையைக் கார் இருக்கையிலும் ஊன்றி உடம்பை நகர்த்துகிறார். இதற்குக் கதவின் பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் சமதளம் வேண்டும். அதனால்தான் அணுகல் வழிகாட்டி நெறிகள் மாற்றுத்திறனாளி நிறுத்தத்துக்கு 3.6 மீட்டர் அகலம் கேட்கின்றன. கட்டட வாசலிலிருந்து முப்பது மீட்டருக்குள் இருக்கச் சொல்கின்றன. சாலை பஜாரிலும் கிழக்கேகோட்டையிலும் இப்படி ஓரிடம் தேடுவது வீண். நீல நிறத்தில் சின்னம் வரைந்த இடங்கள் அலுவலக வளாகங்களில் இருக்கின்றன. அங்கே ஸ்கூட்டர்கள் நிற்கும். அகலமும் சாதாரணக் கார் அகலம்தான்.

இவை வெறும் பரிந்துரைகள் என்று அதிகாரிகள் சொல்லிவந்த பதிலுக்கு 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. ராஜீவ் ரதூரி வழக்கில், மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளின் 15-ஆம் விதி தாய்ச்சட்டத்துக்கு முரணானது என்றும், குறைந்தபட்ச அணுகல் தரங்கள் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. மாநகராட்சி புதிதாகக் கட்டும் பலமாடி வாகன நிறுத்தங்களில் இந்த அகலத்தைக் கேட்டு வாங்க இனி சட்ட பலம் இருக்கிறது.

இந்த இடத்தில் பிரிட்டன் செய்ததைப் பார்ப்பது பயனுள்ளது. அங்கே நிறுத்துமிட உரிமை தரும் நீல அட்டை காருக்குக் கொடுக்கப்படுவதில்லை, ஆளுக்குக் கொடுக்கப்படுகிறது. அவர் மகளின் காரில் போனாலும் டாக்சியில் போனாலும் அந்த அட்டை செல்லும். 1977-இல் தொடங்கிய மோட்டபிலிட்டி திட்டத்தில், மாதந்தோறும் வரும் நடமாட்ட உதவித்தொகையை அப்படியே கொடுத்துக் காரைக் குத்தகைக்கு எடுக்கலாம். காப்பீடு, சர்வீஸ், டயர் எல்லாம் அதில் அடக்கம். நம்மிடம் அந்த அளவு உதவித்தொகை இல்லை, அதை அப்படியே கேட்பதில் அர்த்தமும் இல்லை. ஆனால் அதன் அமைப்பு கவனிக்கத் தக்கது. நம் சலுகைகள் எல்லாம் வாங்கும் நாளோடு முடிந்துவிடுகின்றன; செலவோ அடுத்த பதினைந்து ஆண்டும் தொடர்கிறது. ஒரே தடவையில் பெரிய தொகையைப் புரட்ட முடிந்தவருக்கே நம் விலக்கு எட்டுகிறது. கடனில் பழைய கார் வாங்கிக் கைக்கருவி பொருத்தும் லாட்டரிக் கடைக்காரருக்கோ, சாலை பஜாரில் கணக்கெழுதுபவருக்கோ அதில் கிடைப்பது மிகச் சொற்பம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, அரசுகள் கட்டுப்படியாகும் விலையில் தனிப்பட்ட நடமாட்டத்துக்கு வழி செய்ய வேண்டும் என்று சொல்லி, மூன்றைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது: ஊக்கமும் சலுகையும், வாகனங்களை மாற்றியமைத்தல், நடமாட்டத்துக்குத் துணை. முதலாவதில் கேரளம் பாதி தூரம் வந்திருக்கிறது. வழுதக்காட்டில் இருக்கும் போக்குவரத்து ஆணையர் அலுவலகமும் நிதித் துறையும் சேர்ந்து ஒரே அறிவிப்பில் செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு. ஏழு லட்சம் என்ற எண்ணை, அப்போதைக்குச் சந்தையில் உள்ள நடுத்தர ஆட்டோமேட்டிக் காரின் விலையோடு கட்டி, ஆண்டுதோறும் தானாக மாறும்படி செய்யலாம். வரம்பைத் தாண்டிய காருக்குத் தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி வாங்கலாம். மின்காருக்கு வரம்பைப் பதினைந்து லட்சமாக்கலாம். அங்கே இழக்கப்போவது 5 சதவீதம் மட்டும்தான். பழைய காரை மாற்றியமைப்பவருக்கு அந்தக் கருவியின் விலையிலும் பொருத்தும் கூலியிலும் ஒரு பங்கைப் பூஜப்புரைக் கழகம் வழியாகக் கொடுக்கலாம். ஸ்கூட்டர் கொடுத்துப் பழகிய அலுவலகம்தான் அது. இவற்றில் எதற்கும் டெல்லியின் அனுமதி வேண்டியதில்லை.